கறையென்று நான் துடைத்த மஞ்சள்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நம் முதியோர் காப்பகத்தின் பொருளறையை இனி நீங்கள் இருவரும் கவனிக்கப் போகிறீர்கள் என்று அறிந்து மனநிறைவு கொண்டேன். பதினோரு ஆண்டுகள் அந்த அறையின் சாவி என்னிடம் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பனியன் கம்பெனியில் மதிய இடைவேளைகளில் கிடைத்த செய்தித்தாள்களை வாசித்து வாசித்தே எழுத்து பழகியவன். ஆகையால் என் நடையில் குறை தென்பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நன்கொடையாக வரும் பொருளை எந்த அடுக்கில் வைப்பது, எதை வெயிலில் காயவைப்பது, எதை மருத்துவரிடம் காட்டாமல் உள்ளே விடக்கூடாது என்பனவெல்லாம் அங்குள்ள குறிப்பேட்டில் இருக்கின்றன. அவற்றை மீண்டும் எழுதி உங்கள் நேரத்தைக் கவர மாட்டேன். குறிப்பேட்டில் நான் எழுதத் துணியாமல் விட்ட ஒரு நாளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் அந்த நாள் விளங்கும். இங்கு வருவதற்கு முன் முப்பத்தோர் ஆண்டுகள் நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். தைத்து முடித்த பனியனை விளக்கின் கீழ் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, அளவுப் பிசகு எதுவாயினும் கண்டுபிடித்து ஒதுக்குவதே என் தொழில். அப்படி முப்பத்தோர் ஆண்டுகள் பார்த்த கண்கள், வேலையை விட்ட பின்னும் பார்ப்பதை நிறுத்துவதில்லை. திருமண மண்டபத்தில் மாப்பிள்ளையின் சட்டைத் தோளில் தையல் இழுத்திருப்பது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் முகம் பிறகுதான் தெரியும்.

அந்தக் கண்களோடு காப்பகத்துக்கு வந்தேன். நம் ஊரில் கம்பெனி வைத்திருப்போர் தாராள மனமுள்ளவர்கள். ஆனால் சிலர் கப்பலேறாமல் தங்கிப்போன சரக்கையெல்லாம் மூட்டை கட்டி முதியோருக்கு என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்த சட்டைகள் ஒருமுறை வந்தன. அவற்றை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். குறையுள்ள பொருளை முதியவர்களுக்குக் கொடுப்பது அவர்களைக் குறைத்து மதிப்பதாகும் என்பது என் எண்ணம். அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கிருந்தவர்கள் என்னைச் "செக்கிங்கு" என்றே அழைத்தார்கள். அந்தப் பெயரில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது.

நான் பொறுப்பேற்ற இரண்டாம் ஆண்டில், முதலிபாளையத்தில் எட்டு நிட்டிங் மெஷின்கள் வைத்துத் துணி ஓட்டிக்கொண்டிருந்த சாந்தாமணி என்னும் அம்மையார் நம்மைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் காலமான பின் தாமே மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். ஆறாத நோயோடு படுத்திருப்போருக்கென நாம் நடத்தும் பன்னிரண்டு படுக்கைப் பகுதியை அவர் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு மெத்தையையும் கையால் அழுத்தினார். விரிப்புகளைத் தடவினார். அன்று கிடந்தவை பழைய விரிப்புகள். கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு, இரண்டு துண்டுகளை நடுவில் சேர்த்துத் தைத்தவை.

"இந்தத் தையலு முதுகுல அழுத்துமில்லீங்களா?" என்று கேட்டார்.

"அழுத்துமுங்க. என்ன பண்றது," என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய வண்டியில் இருபத்து நான்கு விரிப்புகள் வந்திறங்கின. ஐயா, அம்மையீர், அப்படியொரு நன்கொடையை நான் அதற்குமுன் கண்டதில்லை. நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாய் வடிவில்தான் இறங்கும் என்பது நம் ஊரில் பிறந்த எவருக்கும் தெரியும். அதை வெட்டித் தட்டையாக்கித்தான் எல்லோரும் பயன்படுத்துவார்கள். இந்த அம்மையார் மெத்தையின் அகலத்தைக் கையளவாக அளந்து சென்று, அதற்குப் பொருத்தமாகக் குழாயாகவே ஓட்டி, வெட்டாமல் அனுப்பியிருந்தார். தலையணைக்கு உறை போடுவதுபோல் மெத்தைக்கு மாட்டிவிடலாம். எங்கும் தையல் கிடையாது, சுருக்கமும் விழாது. சாயம் புண்ணில் படக்கூடாது என்று வெறும் வெள்ளையாகவே விட்டிருந்தார். பருத்தி நூலின் மென்மையைச் சொல்லத் தேவையில்லை.

வழக்கம்போல் ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் விரித்தேன். துணியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் விரிப்பின் ஒரு மூலையில் விரல் நுனியளவு மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இரண்டாவதிலும் அதே மூலையில் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

கம்பெனியில் வெள்ளைச் சரக்கு ஓடும்போது நாங்கள் மிகவும் அஞ்சியது மதியச் சாப்பாட்டைத்தான். கையை ஒழுங்காகக் கழுவாமல் துணியைத் தொட்டால் குழம்பின் மஞ்சள் ஒட்டிக்கொள்ளும். எத்தனை பேரை அதற்காக நான் கடிந்திருக்கிறேன் என்பதற்கு அளவில்லை. ஆகவே அந்தத் திட்டுகளைப் பார்த்தவுடன் என் மனம் தன் பழைய தடத்தில் ஓடியது. மடித்த பெண்ணின் கை சரியாகக் கழுவப்படவில்லை. ஒரே மூலையில் இருப்பதால் எல்லாவற்றையும் மடித்தது ஒரே கைதான் என்று முடிவு செய்தேன். ஒரே கை என்பதுவரை நான் நினைத்தது சரி.

இவ்வளவு நல்ல துணியைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அம்மையாரிடம் சொன்னால் வருந்துவார் என்று அதையும் தவிர்த்தேன். இரண்டு நாட்கள் உட்கார்ந்து, விரிப்பு முழுவதும் நனையாமல், மூலையை மட்டும் கறை நீக்கும் மருந்து தொட்டுத் தேய்த்து, வெயிலில் காட்டி, இருபத்து நான்கிலும் மஞ்சள் இருந்த சுவடே தெரியாமல் எடுத்தேன். பிறகு பழைய மடிப்பு மாறாமல் தேய்த்து அடுக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாகக் கறை எடுத்ததில்லை.

மறுநாள் காலை, படுக்கையிலிருந்தோரைக் குளிப்பாட்டி, சற்று வெயில் படட்டும் என்று வராந்தாவுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அந்த நேரத்தில் ஆயா இருவரை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மெத்தைகளுக்கும் புது விரிப்பை மாட்டினேன். பழைய விரிப்புகளை, மாற்றுக்கு வைத்திருந்தவை உட்பட, மெஷின் துடைக்கும் துணிக்காக வாங்கிச் செல்பவர் அன்று வந்திருந்ததால், அப்போதே அவர் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். கூடத்தில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு கட்டில்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன. பகல் பன்னிரண்டு மணிக்குச் சாந்தாமணி அம்மையார் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் பார்த்து மகிழ்வார் என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் உள்ளே அழைத்துவரப்பட்டவர் ராமாத்தாள் என்னும் மூதாட்டி. காங்கேயம் பக்கத்துக்காரர். எழுபத்தெட்டு வயது. வயிற்றில் புற்று. பிள்ளைகள் இல்லை, கணவர் காலமாகி நெடுங்காலம் ஆயிற்று. ஒரே தம்பி தேங்காய் உலர்த்தும் களம் வைத்திருப்பவர். ஏதோ வழித்தகராறில் அக்காவோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ராமாத்தாளுக்கு இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் ஒன்று இருந்தது. தலைமைச் செவிலியர் பதினைந்து நாட்களாகப் பாடுபட்டு அதை ஆற்றிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் புதிய விரிப்பின் அருமையை ராமாத்தாளின் உடம்புதான் முதலில் உணரும் என்று எனக்குத் தனி ஆவல்.

சக்கர நாற்காலி கட்டிலருகே நின்றது. ராமாத்தாள் விரிப்பைப் பார்த்தார். மூலையை இழுத்துப் பார்த்தார். மறுமூலையைக் காட்டச் சொன்னார். பிறகு என்னை நோக்கினார்.

"ஏனுங்க தம்பி, ஆரு செத்தது?"

"ஆரும் இல்லீங்களே."

"அப்பறம் ஏனுங்க எனக்குக் கோடித்துணி விரிச்சிருக்குது? மஞ்ச வெக்காத புதுத்துணிய உசுரோட இருக்கறவளுக்கு ஆராச்சும் விரிப்பாங்களா?"

புதுத்துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்த பிறகே உடுத்துவது நம் வீடுகளில் எல்லாம் உள்ளது. மஞ்சள் தொடாத புதுத்துணிதான் கோடி; அது இறந்தவருக்குப் போர்த்துவது. இதை நான் அறியாதவன் அல்லேன். என் மனைவி ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வேட்டியில் வைத்த மஞ்சளை நான் ஒருநாளும் கறையென்று சொன்னதில்லை. ஆயினும் விளக்கின் கீழ் விரித்த துணியில் அதைக் கண்டபோது எனக்கு வீடு நினைவுக்கு வரவில்லை. கம்பெனிதான் நினைவுக்கு வந்தது.

ராமாத்தாள் குரலை உயர்த்தவில்லை. "டாக்டரு என்னமோ சொல்லீருக்காருங்க. நீங்க என்றகிட்டச் சொல்லாம விரிச்சுப் போட்டீங்க. செரி. ஆனா எனக்குக் கோடி போடறதுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து என்ற தம்பி வரோணும். அவன் வராம நீங்க ஆருங்க எனக்குக் கோடி போட? நா இதுல படுக்க மாட்டனுங்க."

அடுத்தடுத்து உள்ளே வந்து அதைக் கேட்ட மற்றப் பெண்மணிகள் மூவர் தங்கள் கட்டிலையும் பார்த்தார்கள். அவர்களும் மாட்டேன் என்றார்கள். கூடத்தின் மறுபுறம் ஆண்கள் பகுதியிலிருந்த சின்னச்சாமி என்னும் பெரியவர், ஒரு காலத்தில் பேர்பெற்ற கட்டிங் மாஸ்டர், தம் விரிப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு விரிச்சது விரிச்சதாவே இருக்கட்டுமுங்க. நாளைக்கு ஒரு வேலை மிச்சம்," என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைமைச் செவிலியரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவர். தம் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டவர், ஆகவே குறிப்பிடவில்லை. இத்தொழிலில் நான் கற்றதில் பெரும்பகுதி அவரிடம் கற்றதே. அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, அந்த அம்மா உக்காந்தே இருக்காவ. உக்காந்தா முழுப் பாரமும் புண்ணு மேலதான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல போச்சுன்னா நான் ஆத்துனது அத்தனையும் திரும்பத் தொறந்துரும். அப்பறம் ஆறாது. அந்த உடம்புல இனிமே ஆறுததுக்குச் சத்து இல்ல."

மணி பத்தரை. நான் பழைய விரிப்புக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வண்டியிலிருந்து இறக்கி அப்போதே துண்டு போட்டுவிட்டதாகச் சொன்னார். மெழுகுத்துணி மெத்தையில் வெறுமனே படுக்கவைக்க முடியாது. வியர்த்துப் புண் மோசமாகும். ஆயா ஒருவர், "எலும்புந் தோலுமாத்தான இருக்கறாங்க, தூக்கிப் படுக்க வெச்சரலாமுங்க," என்றார்.

செவிலியர் மறுத்தார். "தூக்கிப் போட்டா உடம்பு படுக்கும் ஆயா. அவங்க படுக்க மாட்டாவ. நாலு பேரு சேர்ந்து பொணம் மாதிரி தூக்கிக் கோடியில கெடத்துனாங்கன்னு நெனப்பாவ. அது ஆறாத புண்ணுல்லா."

ராமாத்தாளின் தம்பிக்குத் தொலைபேசி செய்தோம். மணி அடித்து ஓய்ந்தது. மூன்று முறை செய்தோம்.

மணி பதினொன்றரை ஆயிற்று. நான் சமையலறைக்குச் சென்று ஒரு கிண்ணத்தில் மஞ்சள்தூளைப் போட்டு நீர்விட்டுக் குழைத்தேன். அவர் பார்க்காத சமயம் விரிப்பின் உட்புற மூலையில் வைத்துவிட்டு, "இதோ மஞ்சள் இருக்கிறது, மடிப்பில் மறைந்திருந்தது" என்று காட்டிவிடுவது என் திட்டம். கிண்ணத்தோடு வந்த என்னைச் செவிலியர் வாசலில் நிறுத்தினார்.

"இது யாரு வச்ச மஞ்சள்னு அவங்க கேட்டா என்ன சொல்லுவிய அண்ணாச்சி?"

கிண்ணத்தைச் சன்னலில் வைத்தேன்.

நீங்கள் கேட்கக்கூடும்: அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் அரைமணி முன்னதாகவே படுத்திருப்பாரே, புண்ணுக்கு அது நல்லதல்லவா? எட்டு ஒன்பது ஆண்டுகளாக நானும் இதை எண்ணிப் பார்த்திருக்கிறேன். படுத்திருக்கலாம். ஆனால் தம்மைக் கேளாமல் தமக்கு எல்லாம் முடிவு செய்கிறார்கள் என்பதே அவருடைய துயரம். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், அன்றைக்கு இரண்டாம் முறையாகவும் அவரைக் கேளாமல் முடிவு செய்தவன் ஆகியிருப்பேன். இதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை. உங்களுக்கு இப்படியொரு வேளை வந்தால் நீங்கள்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டுக்குச் சற்று முன்பே சாந்தாமணி அம்மையார் வந்துவிட்டார். அவர் வண்டியை நிறுத்திய இடத்துக்கே சென்றேன். நன்கொடையாளர் முன் காப்பகத்தின் குறையைச் சொல்லக்கூடாது என்று ஒரு நினைப்பு என்னுள் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சொன்னேன்.

"அம்மணி, விரிப்பு மூலையில மஞ்சத் தொட்டு வெச்சது நீங்களுங்களா?"

"ஆமாங்க. புதுத்துணியில்லீங்களா."

"நான் அதைக் கறைன்னு நெனச்சு எடுத்துட்டனுங்க."

"இருவத்தி நாலுலயுமுங்களா?"

"ஆமாங்க."

"ஒண்ணுலயாவது போவாம நின்னிருக்குமுங்களா?"

"இல்லீங்க. சுத்தமா எடுத்துட்டனுங்க."

"நல்ல செக்கிங்குத்தானுங்க," என்றார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றளவும் எனக்குத் தெரியாது. ராமாத்தாள் படுக்க மறுத்து ஒன்றரை மணி நேரமாக அமர்ந்திருப்பதைச் சொன்னேன். செருப்பை வாசலில் உதறிவிட்டுக் கூடத்துக்குள் விரைந்தார்.

ராமாத்தாளின் நாற்காலியருகே தரையில் அமர்ந்தார். "ஆத்தா, இந்தத் துணி குடுத்தது நானுங்க. எங்கம்மா ஒண்ணேகால் வருசம் படுத்த படுக்கையா இருந்தாங்க. விரிப்புத் தையலு அழுத்தி அழுத்தி முதுகெல்லாம் புண்ணு. ஊட்டுல எட்டு மிசினு துணி ஓடுது, தையலில்லாம ஒரு துணி போடோணும்னு எனக்கு அப்பத் தோணலீங்க. அவங்க போனதுக்கப்பறந்தான் தோணுச்சு. அதுக்குத்தானுங்க உங்குளுக்குக் கொண்டாந்தேன்."

"அதெல்லாஞ் செரி கண்ணு. மஞ்ச?"

"வெச்சுத்தானுங்க அனுப்புனேன். இந்த அண்ணன் தொடச்சுட்டாருங்க."

ராமாத்தாள் என் பக்கம் திரும்பினார். அவருடைய முகத்தில் அன்று காலை முதல் இருந்த இறுக்கம் போய், பெரும் வியப்பு வந்தது. "ஏனுங்க தம்பி, மஞ்சளப் போயித் தொடச்சீங்களா?"

"கறைன்னு நெனச்சுட்டனுங்க. தப்புத்தானுங்க," என்றேன்.

சின்னச்சாமி ஐயா தம் கட்டிலிலிருந்து சொன்னார்: "முப்பது வருசம் செக்கிங்குல இருந்தா அப்படித்தானுங்க. பொண்டாட்டி மூஞ்சியில பூசுன மஞ்சளையே ரிஜெக்ட் பண்ணிப்போடுவாங்க."

இந்த முறை சிரித்தார்கள். ராமாத்தாளும் சிரித்தார், சிரிக்கும்போது இடுப்பு வலித்து முகம் சுளித்தார். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் சன்னலில் வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துவந்து சாந்தாமணி அம்மையாரிடம் கொடுத்தேன். அவர் அதை ராமாத்தாளிடம் நீட்டினார். "நீங்களே வெச்சுக்குங்க ஆத்தா."

ராமாத்தாள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நா தாலியறுத்தவ கண்ணு. நானு எப்படி மஞ்ச வெக்கறது? மத்தவங்களுக்கு ஆவாது."

"நானுந்தானுங்க ஆத்தா. ஆறு வருசமாச்சுங்க. மொதல்ல வெச்சதும் இந்தக் கைதானுங்க." மேலும் சொன்னார்: "எங்கூட்டுல நல்லது கெட்டதுக்கு என்னை மஞ்சளத் தொட உடறதில்லீங்க. மில்லுல ஆருமில்லாதப்பக் கதவைச் சாத்திக்கிட்டு வெச்சனுங்க. உங்குளுக்கு நல்லபடியா இருக்கோணும்னு நெனச்சுக்கிட்டே ஒவ்வொண்ணுக்கும் வெச்சனுங்க."

ஐயா, அம்மையீர், நான் இரண்டு நாட்கள் அமர்ந்து சுவடின்றி எடுத்தது எதை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் தொழிலில் எனக்கு இருந்த பெருமையின் மீது அதற்குப் பிறகு முழுமையாகச் சாய்ந்து நிற்க என்னால் முடிந்ததில்லை.

ராமாத்தாள் சாந்தாமணி அம்மையாரின் கையை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒண்ணு பண்ணலாங் கண்ணு. எனக்கு நீ வெய்யி. மத்தவங்களுக்கு நா வெக்கறேன். ரெண்டு பேரு சேந்து பண்ணுனா ஆரு என்ன சொல்லுவாங்கன்னு பாக்கலாம்."

"மொதல்ல படுங்கம்மா. படுத்துக்கிட்டே வையுங்க," என்றார் செவிலியர்.

சாந்தாமணி அம்மையார் விரிப்பின் மூலையில் மஞ்சள் வைத்தார். ராமாத்தாள் தாமே கையை ஊன்றிப் படுக்கைக்கு மாறினார். புண் படாதவாறு ஒருக்களித்துப் படுத்தார். செவிலியர் பின்புறம் சென்று புண்ணின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். "ஓரம் செவந்திருக்கு. தொறக்கல," என்றார். பிறகு மீண்டும் கட்டுப் போட்டார்.

மற்ற பதினோரு மெத்தைகளிலிருந்தும் விரிப்பைக் கழற்றினோம். அறையில் இருந்த மீதிப் பன்னிரண்டையும் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றாக அவரருகே நீட்டினேன். ஒருக்களித்தபடியே விரலால் தொட்டுத் தொட்டு வைத்தார். யாருக்கு என்று கேட்டுக் கேட்டு வைத்தார். சின்னச்சாமி ஐயாவின் முறை வந்தபோது, "அவருக்கு வேண்டாமுங்க. அவருதான் நாளைக்கு வேலை மிச்சம்னாரே," என்றார்.

"வெய்யுங்கம்மிணி. சும்மா சொன்னதுங்க," என்றார் அவர்.

அந்தப் புண் ஆறு வாரத்தில் மூடியது. விரிப்பால் மட்டும் ஆறியது என்று நான் எழுதினால் செவிலியர் ஒப்பமாட்டார். அவருடைய உழைப்பும், நேரத்துக்கு நேரம் திருப்பிப் படுக்கவைத்த ஆயாக்களின் கைகளும் அதில் உண்டு. ஆனால் அதன்பின் அந்தப் பகுதியில் புதிதாகப் புண் வருவது குறைந்தது என்று அவரே சொன்னார். சாந்தாமணி அம்மையார் மாதந்தோறும் வந்தார். எதையும் கொண்டுவராமல் வந்து ஒரு மணி நேரம் ராமாத்தாளிடம் பேசிக்கொண்டிருப்பார். போகும்போது ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு போவார். குதிகாலுக்கு மாட்டும் குழாய் உறையும், கை தூக்க முடியாதவர்களுக்கென முதுகுப்புறம் திறந்த மேற்சட்டையும் அப்படி வந்தவையே. அவரைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் மூட்டை அனுப்புவதை விட்டு, நேரில் வந்து கேட்கத் தொடங்கினார்கள்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். கொடுப்பவர் பொருளறை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழக்கத்தை நிறுத்தினேன். பொருள் யாருக்கோ அவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும்; கொடுப்பவர் அப்போது உடனிருக்க வேண்டும். அதில் எனக்கு விளங்காத ஏதேனும் தென்பட்டால் எடுத்து எறியுமுன் கேட்பேன். புதியது பழகும்வரை பழையதை அனுப்புவதும் இல்லை.

ராமாத்தாள் அதன்பின் ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தார். ஒரு காலைப் பொழுதில், செவிலியர் கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போனார். அவருடைய தம்பிக்குச் சொன்னோம். இம்முறை எடுத்தார். "நீங்களே பாத்துக்குங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்து மணியளவில் சாந்தாமணி அம்மையார் வந்தார். வெளியிலிருந்து வரும் பொருள் எதுவும் என் கையைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும் என்ற விதியை மறவாமல், பொருளறை வாசலில் நின்று ஒரு பையை நீட்டினார். உள்ளே புதுச்சேலை ஒன்று இருந்தது.

"பொறந்த ஊட்டுல இருந்து ஆராச்சும் வரோணுமில்லீங்களா," என்றார். "பாத்துக்குங்க அண்ணா."

நான் அதை விளக்கின் கீழ் கொண்டுபோகவில்லை, விரித்தும் பார்க்கவில்லை. பழக்கத்தால் என் கண்கள் மட்டும் அதன் மூலைக்குச் சென்றன. அங்கே மஞ்சள் இல்லை. அன்று இருக்கவும் கூடாது. பையை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அவர் முன்னே செல்ல, நான் பின்னே சென்றேன்.

அந்த இருபத்து நான்கு விரிப்புகளில் மூன்று இப்போதும் மேலடுக்கில் இருக்கின்றன. துவைத்துத் துவைத்துப் பழுத்துப்போனவை. மூலையில் ஒன்றும் தெரியாது. அவற்றைத் துடைக்கும் துணிக்குக் கொடுத்துவிட வேண்டாம். இந்தக் குறிப்பை அவற்றின் மடிப்பினுள் வைத்து, உங்களுக்குப் பின் அந்தச் சாவியை ஏற்பவரும் வாசிக்கும்படி பாதுகாத்துவர வேண்டுகிறேன்.